செங்கல்லை வளர்க்க முடியுமா? நுண்ணுயிரும் பூஞ்சையும் வேரும் கட்டுகிற பொருள்கள் பற்றி ஒரு விவாதம்

சுவர்முகம் (திருச்சி), ஞாயிறு காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளாகத் திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் வீடுகள் கட்டிக் கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் வீட்டு வரைபடம் பற்றிப் பேச வந்த ஓர் இளம் தம்பதியர், சூளைச் செங்கல் வேண்டாம் என்றும், பாக்டீரியாவைக் கொண்டு வளர்க்கும் செங்கல் எங்காவது கிடைத்தால் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை என்றும் சொன்னார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி விடக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

அவர்களுடைய கவலை நியாயமானது. உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. உலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இது முழுவதும் தீராது; ஏனென்றால் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சூடாக்கும்போது அந்தக் கல்லுக்குள் பூட்டிக் கிடந்த வாயுவே பிரிந்து வெளியேறுகிறது, மொத்த வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் அந்த வகையைச் சேர்ந்ததுதான். செங்கல் சூளையோ வயலின் மேல்மண்ணையும் விறகையும் சேர்த்தே விழுங்குகிறது.

இன்னொரு சிக்கலும் கையில் இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய அடுக்குமாடி ஒன்றில், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் மயிரிழை வெடிப்பு விழுந்து வெளிப்புறம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. இருமுறை பூசியும் நிற்கவில்லை. தானாகவே வெடிப்பை மூடிக்கொள்ளும் பாக்டீரியா கான்கிரீட் பற்றிப் படித்திருக்கிறேன். அது இதற்கு உதவுமா? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நுண்ணோக்கி (மதுரை), ஞாயிறு பகல் 12.15

வணக்கம் ஐயா. நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். என் மாணவியர் இருவர் இதையே ஆய்வுத் திட்டமாக எடுத்துச் செய்ததால் கொஞ்சம் நேரடி அனுபவமும் உண்டு.

பாக்டீரியா செங்கல் என்று சொல்லப்படுவதில் மிகுதியும் பயன்படுவது ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்னும் மண்வாழ் நுண்ணுயிரி. மனிதருக்கு நோய் தருவதன்று. யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதியை இது ஏராளமாகச் சுரக்கிறது. யூரியா உடையும்போது ஒருபுறம் அம்மோனியாவும் மறுபுறம் கார்பனேட்டும் உண்டாகின்றன. சுற்றியுள்ள நீர் காரத்தன்மை அடைகிறது. அந்த நீரில் கால்சியம் கரைந்திருந்தால் அது கார்பனேட்டோடு சேர்ந்து கால்சைட் படிகமாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாகவே, படிகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையது என்பதால் கால்சியம் அதை நாடி வந்து ஒட்டுகிறது. அங்கேயே படிகம் முளைக்கத் தொடங்குகிறது. இரண்டு மணல் துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்குகளில் இந்தப் படிகங்கள் சேர்ந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. உலையும் நெருப்பும் இல்லாமல், நம் ஊர் அறை வெப்பத்திலேயே இவ்வளவும் நடக்கிறது.

ஜிஞ்சர் கிரீக் டோசியர் என்ற கட்டடக் கலைஞர் ஷார்ஜாவில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கி, 2012-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பயோமேசன் என்ற நிறுவனத்தை நிறுவினார். நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து, நிலவு மண்ணைப் போலச் செயற்கையாகத் தயாரித்த மண்ணில் இதே பாக்டீரியாவையும் யூரியாவையும் விட்டு, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்தைச் சேர்த்துச் செங்கல் செய்து 2020-இல் அறிவித்தார்கள். செவ்வாய் மண்ணின் மாதிரியிலும் பின்னர் செய்து காட்டினார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் நடந்ததையும் சொல்கிறேன். ஐம்பது மில்லி ஊசிக்குழலின் உள்தண்டை எடுத்துவிட்டு, அடியில் பஞ்சு வைத்து, கழுவிக் காயவைத்த ஆற்று மணலை நிரப்பினோம். முதலில் பாக்டீரியாக் கரைசலை ஊற்றி மணலில் ஊற விட்டு, பிறகு காலையும் மாலையும் யூரியாவும் கால்சியம் குளோரைடும் கலந்த நீரை மேலிருந்து மெதுவாக இறக்கினோம். மூன்றாம் நாள் கதவைத் திறந்ததும் அம்மோனியா நெடியில் கண் எரிந்தது. ஏழாம் நாள் குழலைக் கீறி எடுத்தபோது மேல்பகுதி கல்லாகியிருந்தது. சாவியால் தட்டினால் ஓசை எழுந்தது, அமிலத்தைச் சொட்டினால் நுரைத்துப் பொங்கியது. ஆனால் அடியில் இருந்த மணல் கையோடு உதிர்ந்து கொட்டியது. நீர் உள்ளே நுழையும் வாயிலேயே படிகம் அடைத்துக்கொண்டு, கீழே உணவு போகாமல் தடுத்துவிட்டது. மாணவியர் சோர்ந்து போனார்கள். எனக்கோ அந்தத் தண்டே நல்ல பாடமாகத் தெரிந்தது. சிறிய குழலிலேயே இப்படி என்றால், முழுச் செங்கல்லின் நடுப்பகுதி வரை சீராக இறுக வைப்பது எத்தனை கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.


சுவர்முகம், ஞாயிறு மாலை 4.05

மிக்க நன்றி அம்மா. அந்த அம்மோனியா நெடியைப் பற்றி ஒரு கேள்வி. கண் எரியும் அளவுக்கு வருகிறது என்றால், பெரிய அளவில் செய்யும்போது அது எங்கே போகும்? வேதியியல் கணக்கு ஏதேனும் உண்டா?


நுண்ணோக்கி, ஞாயிறு இரவு 8.30

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் ஐயா. இந்தத் துறையின் அழகான படங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடும் இடம் அது.

100 கிலோ கால்சியம் கார்பனேட் உண்டாக 60 கிலோ யூரியாவும் 111 கிலோ கால்சியம் குளோரைடும் வேண்டும். கார்பனேட்டோடு கூடவே 107 கிலோ அம்மோனியம் குளோரைடு கழிவாக வரும். உண்டான கார்பனேட்டைவிடக் கழிவின் எடை கூடுதல். இதைச் செங்கல்லுக்குப் பொருத்திப் பார்ப்போம். மூன்று கிலோ எடையுள்ள கல்லில் பத்தில் ஒரு பங்கு கால்சைட் என்று வைத்துக்கொண்டால், கல் ஒன்றுக்கு 300 கிராம். அதற்கு 180 கிராம் யூரியா. ஆயிரம் கல்லுக்கு 180 கிலோ, அதாவது உரக்கடையில் கிடைக்கும் 45 கிலோ மூட்டையில் நான்கு. அந்த ஆயிரம் கல்லும் 320 கிலோவுக்குச் சற்று மேலான அம்மோனியம் குளோரைடை நீரில் விட்டுச் செல்லும். அதை அப்படியே வாய்க்காலில் விட்டால் பாசி பெருகி மீன் சாகும்.

யூரியா எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா எடுத்து, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். ஆகவே சூளையில் எரிக்காத எரிபொருளில் ஒரு பகுதியை உரத்தொழிற்சாலையில் எரித்தாகிவிட்டது. உயிர் கட்டுகிறது என்பதாலேயே ஒரு பொருள் பசுமையானதாகிவிடாது. அந்த உயிர் எதைத் தின்கிறது, எதைக் கழிக்கிறது என்ற கணக்கை முழுவதும் போட்ட பிறகே அதைச் சொல்ல முடியும். நுண்ணுயிர்களை நேசித்துப் படிப்பவள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு மாற்றுவழியைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2018-இல் காட்டினார்கள். டிலன் ராண்டல் என்ற பேராசிரியரின் குழு, கடையில் வாங்கிய யூரியாவுக்குப் பதிலாக மனிதச் சிறுநீரைப் பயன்படுத்தியது. முதலில் சுண்ணாம்பு சேர்த்துச் சிறுநீரிலிருந்து திடமான உரத்தைப் பிரித்தார்கள். மீந்த நீரில் பாக்டீரியாவைக் கொண்டு செங்கல் வளர்த்தார்கள். கடைசியில் எஞ்சிய நீரையும் உரமாக்கலாம் என்றார்கள். ஒரு செங்கல் உருவாகச் சில நாள்கள் ஆயின. அம்மோனியாவைக் கழிவு என்று தள்ளாமல் பயிருக்கான சத்தாக எண்ணியதுதான் அந்த முயற்சியில் எனக்குப் பிடித்த செய்தி.


சுவர்முகம், திங்கள் காலை 7.20

நான்கு மூட்டை யூரியா என்ற கணக்கு என்னை உறங்க விடவில்லை. நம் நாட்டில் யூரியா அரசு மானியத்தில் உழவருக்கு வருகிற பொருள். அது பயிருக்குப் போகாமல் வேறு தொழில்களுக்குத் திருப்பப்படுவதைத் தடுக்கவும்தான் 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசித் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். நடவுக் காலத்தில் உரக்கடை வாசலில் உழவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே மூட்டையைச் செங்கல்லுக்குப் பிரிக்க எனக்கு மனம் வராது.

குளோரைடு பற்றி என் துறை சார்ந்த அச்சம் ஒன்றும் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குக் குளோரைடைப் போலப் பகை வேறில்லை. கடலோரக் கட்டடங்களில் கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வருவது அதனால்தான். அப்படியென்றால் இந்த யூரியா முறையைக் கம்பி போட்ட தொட்டியில் பயன்படுத்துவது வெடிப்பை மூடி நோயை உள்ளே விடுவதாக ஆகாதா?


நுண்ணோக்கி, திங்கள் மாலை 6.50

ஆகும். அதனால்தான் தானே ஆறும் கான்கிரீட்டில் வேறு வழியைக் கைக்கொண்டார்கள்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் என்ற நுண்ணுயிரியலாளர் 2006-ஆம் ஆண்டு வாக்கில் இந்த வேலையைத் தொடங்கினார். கான்கிரீட்டின் உட்புறம் கடுமையான காரம். எந்த உயிரும் அங்கே நீடிப்பது அரிது. எனவே சோடா ஏரி போன்ற காரமிக்க இடங்களில் வாழப் பழகிய பேசில்லஸ் என்னும் பாக்டீரியா இனங்களைத் தேர்ந்தெடுத்தார். இவை உணவும் நீரும் இல்லாதபோது தடித்த உறைக்குள் வித்தாக ஒடுங்கிப் பல பத்தாண்டுகள் உறங்கக் கூடியவை. இந்த வித்துகளையும் உணவாகக் கால்சியம் லாக்டேட்டையும், ஊதிப் பொரித்த களிமண் உருண்டைகளுக்குள் வைத்துக் கலவையில் சேர்த்தார்கள். வெடிப்பு விழுந்து நீர் உள்ளே கசியும்போது வித்துகள் விழித்து, லாக்டேட்டைத் தின்று, சுண்ணாம்பைக் கக்கி அந்த இடைவெளியை அடைக்கின்றன. இதில் யூரியா இல்லை, ஆகவே அம்மோனியாவும் இல்லை, குளோரைடும் இல்லை. 0.8 மில்லிமீட்டர் அகலம் வரையுள்ள வெடிப்புகள் மூடிக்கொண்டதைக் காட்டியிருக்கிறார்கள். கூடவே, அந்தப் பாக்டீரியா ஆக்சிஜனைச் செலவழிப்பதால் கம்பி துருப்பிடிப்பதும் மட்டுப்படும் என்பது அவர்களுடைய வாதம்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். இது கலவையில் முன்கூட்டியே சேர்க்க வேண்டியது. எட்டு ஆண்டு ஆன தொட்டிக்குள் இப்போது கொண்டு போய் வைக்க முடியாது. பழைய கான்கிரீட்டுக்கென்று பூச்சுக் கலவையாகவும் தெளிக்கும் நீர்மமாகவும் இதே கருத்தில் பொருள்கள் உண்டு. ஆனால் குடிநீர்த் தொட்டி என்பதால், குடிநீரோடு தொடர்பு கொள்ளத் தகுந்தது என்ற சான்று இல்லாத எதையும் உட்புறத்தில் பூசாதீர்கள். யூரியா முறையை அங்கே அறவே தவிர்த்துவிடுங்கள். வெடிப்பு அசைகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். பகலும் இரவும் மாறி மாறி விரிந்து சுருங்கும் வெடிப்பை எந்தப் பாக்டீரியாவாலும் நிலையாக மூட இயலாது.


காளான்குடில் (பொள்ளாச்சி), திங்கள் இரவு 9.45

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் பத்து ஆண்டுகளாகச் சிப்பிக் காளான் வளர்த்து விற்கிறேன். பாக்டீரியாவைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பூஞ்சையோடு அன்றாடம் வாழ்கிறேன் என்பதால் அந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

காளான் என்று நாம் உண்பது பூ மாதிரி. அதன் உடல், வைக்கோலுக்குள் ஊடுருவிப் படரும் வெள்ளை நூல். காளான் வித்தைப் போட்டுப் பையைக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தளர்ந்து கிடந்த வைக்கோல் முழுவதையும் அந்த நூல் கட்டி ஒரே உருளையாக்கிவிடும். பையைக் கிழித்தாலும் உருளை பிரியாது. இதைக் கட்டுமானப் பொருளாக்கலாம் என்று அமெரிக்காவில் இபன் பேயர், கேவின் மெக்கின்டயர் என்ற இரு மாணவர்கள் எண்ணி, 2007-இல் எக்கோவேட்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2014-இல் நியூயார்க்கில் கட்டடக் கலைஞர் டேவிட் பெஞ்சமினின் குழு, மக்காச்சோளத் தட்டையில் பூஞ்சையை வளர்த்துச் செய்த ஏறத்தாழ 10,000 கற்களைக் கொண்டு நாற்பது அடி உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பியது. கோடை முடிந்ததும் பிரித்து மட்கச் செய்து உரமாக்கினார்கள்.

அதைப் படித்துவிட்டு நானும் முயன்றேன். ஓரடிக்கு ஓரடி, இரண்டு அங்குல ஆழத்தில் மரச்சட்டம் அடித்து, உள்ளே பாலித்தீன் விரித்து, வேகவைத்துப் பிழிந்த வைக்கோலோடு தென்னை நார்க்கழிவைக் கலந்து, வித்தை உதிர்த்துப் போட்டு அழுத்தினேன். நான்காம் நாள் ஆங்காங்கே வெள்ளைப் பொட்டு. ஒன்பதாம் நாள் மேலே தோசைமாவு ஊற்றியதுபோல முழு வெண்மை. சட்டத்தைக் கழற்றி மேலும் மூன்று நாள் விட்டேன், பக்கவாட்டிலும் தோல் பிடித்தது. அப்போது எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல். இரண்டு நாள் வெயிலில் வைத்து, பிறகு பக்கத்துத் தோட்டத்துக் கொப்பரை உலர்த்தியில் ஒரு இரவு வைத்து எடுத்தால் ஒரு கிலோவுக்கும் குறைவு. கையில் எடுத்தால் மரப்பலகையும் தெர்மாகோலும் சேர்ந்த ஒன்றைப் பிடித்திருப்பது போல இருக்கும்.

தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு பலகைகளில் இரண்டு, பச்சைப் பூஞ்சை ஏறிக் கெட்டுப் போயின. ஒன்றைச் சரியாக உலர்த்தாமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன்; இரண்டு வாரத்தில் அதன் ஓரத்தில் காளான் மொட்டு விட்டது. உயிர் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். இன்னொன்றைத் தரையில் வைத்துவிட்டுப் போனேன், வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் கரையான் அதைச் சல்லடையாக்கிவிட்டது. மீந்தவற்றைக் கூரைத் தகரத்துக்கு அடியில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்றரை ஆண்டாக அப்படியே இருக்கின்றன, குடிலுக்குள் நண்பகல் வெக்கை எனக்கே தெரியும்படி குறைந்திருக்கிறது.


சுவர்முகம், செவ்வாய் காலை 6.55

தம்பி, நேரில் பார்த்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்வோம். சூளைச் செங்கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடைசி வகுப்புக் கல்லே சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். பூஞ்சைப் பலகைகள் பெரும்பாலும் ஒரு நியூட்டனைக்கூட எட்டுவதில்லை. எனவே இதைச் செங்கல் என்று அழைப்பதே கேட்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டு போகும். சுமை தாங்காத இடங்களில், அதாவது வெப்பத்தையும் ஓசையையும் தடுக்கும் இடங்களில், இதற்கு நல்ல வேலை இருக்கிறது. அங்கே இது போட்டியிட வேண்டியது செங்கல்லோடு அன்று, தெர்மாகோலோடு.


காளான்குடில், செவ்வாய் காலை 10.20

முழுவதும் ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. நான் அதில் ஏறி நின்று பார்த்தேன், குதிகால் பதிந்து குழி விழுந்தது. தெர்மாகோலோடு ஒப்பிட்டால் ஒரு நன்மை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு துண்டை அடுப்பில் பிடித்தேன். மேல்பகுதி கருகிக் கரியாகியது, தெர்மாகோல் போல உருகிச் சொட்டவில்லை. ஆயுள் முடிந்தால் தென்னை மூட்டில் போட்டுவிடலாம். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது என்பதால், உணவு எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்ட கேள்விக்கும் என்னால் நேர்மையாகப் பதில் சொல்ல முடிகிறது.


சாந்துக்காரர் (காரைக்குடி), செவ்வாய் பிற்பகல் 3.30

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது அறுபத்தெட்டு. செட்டிநாட்டு வீடுகளைப் பழுது பார்க்கும் கொத்தனார் வேலை செய்து, இப்போது இளைஞர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சைச் சொல்லிக் கொடுத்துவருகிறேன். பேரன் இந்த இழையைப் படித்துக் காட்டினான்.

உயிரைக் கொண்டு கட்டுவது நமக்குப் புதிதன்று. கிளிஞ்சல் சுண்ணாம்பு என்பதே கடலில் ஓர் உயிர் தன் உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கல்லைச் சுட்டு எடுப்பதுதான். அதற்கு மேல், கடுக்காயை இடித்துக் கொட்டையை நீக்கி, கருப்பட்டியோடு தண்ணீரில் ஊறப்போட்டு மூடி வைப்போம். பத்துப் பதினைந்து நாள் போகவேண்டும். நான்காவது ஐந்தாவது நாளில் பானையின் மேலே நுரை கட்டி, காது கொடுத்தால் கொதிப்பதுபோலச் சிறு ஓசை கேட்கும். முதலில் இனிப்பாக இருந்த வாடை, பிறகு கள்ளின் வாடையாகி, கடைசியில் புளித்த வாடையாக மாறும். அந்த மாற்றத்தை மூக்கால் அறிந்துதான் என் ஆசான் தண்ணீரை வடிப்பார். அந்த நீரை விட்டுத்தான் சுண்ணாம்பும் மணலும் அரைபடும். நுரைப்பது எதனால் என்று அப்போது எனக்குத் தெரியாது; அது உயிர்களின் வேலை என்று இப்போது பேரன் சொல்கிறான். அம்மா இதை விளக்க வேண்டும்.


நுண்ணோக்கி, செவ்வாய் இரவு 8.10

ஐயா, உங்கள் பதிவைப் படித்து மனம் நிறைந்தேன். உங்கள் பானையில் நடப்பது நொதித்தல்தான். கருப்பட்டியின் சர்க்கரையை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தின்று, கரியமில வாயுவையும் சாராயத்தையும் அமிலங்களையும் உண்டாக்குகின்றன. இனிப்பு, கள், புளிப்பு என்று நீங்கள் வரிசைப்படுத்திய வாடைகள் அந்தப் படிகளை அப்படியே காட்டுகின்றன. சுண்ணாம்புச் சாந்து இறுகுவதே காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சிக் கல்லாவதால்தான். தடித்த பூச்சின் உட்புறம் வரை காற்று எட்ட மாதக்கணக்கில் ஆகும். புளித்த நீர் சாந்துக்குள்ளேயே அந்த வாயுவைக் கொண்டு சேர்ப்பதால் இறுகல் விரைவதாகவும், அதிலுள்ள கரிமப் பொருள்கள் படிகம் வளரும் விதத்தை மாற்றி நெருக்கமாக அமைய உதவுவதாகவும், தமிழ்நாட்டுப் பழஞ்சாந்துகளை ஆராய்ந்தவர்கள் விளக்குகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்துக்கும் இதில் பங்குண்டு.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். உங்கள் முறையில் கல்லைத் தருவது சுட்ட சுண்ணாம்பு, நுண்ணுயிர் துணைவன். பாக்டீரியா செங்கல்லில் நுண்ணுயிரே கல்லைத் தருகிறது.


சுவர்முகம், செவ்வாய் இரவு 9.25

சுண்ணாம்பு சுடுவதிலும் கல்லிலிருந்து வாயு பிரியத்தானே செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: பிரிகிறது, ஆனால் சாந்து இறுகும்போது அதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எரித்த விறகின் கணக்கு மட்டும் கடனாக நிற்கும். சுண்ணாம்பைச் சுடும் வெப்பமும் சிமென்ட்டுக்கு வேண்டியதைவிடப் பல நூறு டிகிரி குறைவு.


மலைமழை (ஷில்லாங்), புதன் காலை 8.00

நான் மேகாலயாவில் ஆசிரியராக வேலை பார்க்கும் தமிழன். இதுவரை பேசியவை எல்லாம் உயிரைப் பயன்படுத்திப் பின்னர் உயிரற்றதாகிவிடும் பொருள்கள். காளான்குடில் தம்பி பலகையை உலர்த்திக் கொல்கிறார். மணல் செங்கல்லில் பாக்டீரியா தான் கட்டிய படிகத்துக்குள் தானே அடைபட்டுப் போகிறது. இங்கே உயிரோடு நிற்கும் கட்டுமானத்தைக் காசி, ஜைந்தியா மக்கள் செய்து வைத்திருக்கிறார்கள். ஓடைக்கரையில் நிற்கும் ரப்பர் ஆலமரத்தின் விழுதுகளை, உட்புறம் குடைந்த பாக்குமரத் தண்டுகளின் வழியே அக்கரைக்குச் செலுத்தி, அங்கே மண்ணில் ஊன்ற விடுகிறார்கள். ஆள் நடக்கும் உறுதி வர பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். நோங்ரியாட் ஊரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளம் உள்ள பாலத்தில் நான் நடந்திருக்கிறேன். விழுதுகள் ஒன்றை ஒன்று தொட்ட இடங்களில் பட்டை இணைந்து ஒரே மரமாகியிருக்கிறது. காலடியில் தட்டைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் கொட்டும் மழையில் இரும்பு துருப்பிடிக்கும், மூங்கில் சில ஆண்டுகளில் மட்கும். இந்தப் பாலமோ ஆண்டுக்கு ஆண்டு தடிக்கிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2022-இல் இந்தப் பாலங்கள் சேர்ந்தன. தொடங்கிய பாட்டனார் பெரும்பாலும் அதில் நடப்பதில்லை, பேரப்பிள்ளைகள் நடக்கிறார்கள்.


நுண்ணோக்கி, புதன் மாலை 7.15

உயிரோடு நிற்பது என்று நீங்கள் சொன்னதை ஆய்வகத்திலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் ஐயா. 2020-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் வில் ஸ்ரூபரின் குழு, ஒளிச்சேர்க்கை செய்யும் சினெகோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியாவை மணலிலும் ஜெலட்டினிலும் வளர்த்தது. இது யூரியாவைக் கேட்பதில்லை. கரியமில வாயுவையும் வெளிச்சத்தையும் கொண்டே கார்பனேட்டைப் படிய வைக்கிறது. ஒரு கல்லை இரண்டாக வெட்டி, புதிய மணலும் ஜெலட்டினும் உணவும் சேர்த்தால் இரண்டும் முழுக் கல்லாக வளர்ந்தன. மூன்று தலைமுறையில் ஒன்றிலிருந்து எட்டு. முப்பது நாளுக்குப் பிறகும் பாக்டீரியாவில் 9 முதல் 14 சதவீதம் உயிரோடு இருந்தது. ஆனால் உயிர் தங்க ஈரம் வேண்டும், கல் உறுதியாக உலர வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. உங்கள் பாலம் அந்தச் சிக்கலுக்கு மழையைத் துணையாக வைத்துக்கொண்டிருக்கிறது. திருச்சி வெயிலில் அது கைகொடுக்காது.


சுவர்முகம், வியாழன் காலை 6.40

நான்கு நாளாக இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. நேற்று மாலை அந்தத் தம்பதியரை அழைத்துப் பேசினேன். சுமை தாங்கும் சுவருக்கு வைக்கும் வகையில் வளர்த்த செங்கல் எதையும் என்னால் இன்று பொறுப்பேற்றுத் தர முடியாது என்றும், அதற்கான இந்தியத் தர நிர்ணயம் வரும்வரை வைக்க மாட்டேன் என்றும் நேராகவே சொல்லிவிட்டேன். சுவருக்கு மனையிலேயே தோண்டும் செம்மண்ணில் சுடாத அழுத்தக் கற்கள், உட்பூச்சுக்குச் சுண்ணாம்பு என்று பேசி முடித்தோம். நான்கு மூட்டை யூரியாக் கணக்கைச் சொன்னதும் அந்தப் பெண் தன் அப்பாவும் உழவர்தான் என்று சொல்லிச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

தொட்டியின் வெடிப்பில் கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்திருக்கிறேன். அசைவு இருந்தால் அது விரிசல் விடும். பதினைந்து நாள் கழித்துப் பார்த்துவிட்டே மேற்கொண்டு தொடுவேன்.

காளான்குடில் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். கட்டுமான இடத்தில் எங்கள் அலுவலக அறை தகரக் கூரைதான், பத்தடிக்கு எட்டடி. பாதிக் கூரைக்கு உங்கள் பலகை, மறுபாதியை வெறுமனே விட்டு, இரண்டிலும் வெப்பமானி தொங்கவிட்டுச் சித்திரை, வைகாசி முழுவதும் குறித்து இங்கே பதிகிறேன். நாற்பது பலகை தர இயலுமா? விலையைச் சொல்லுங்கள், இனாமாக வேண்டாம்.


காளான்குடில், வியாழன் காலை 9.05

தருகிறேன் அண்ணா. நாற்பதுக்கு ஐந்து வாரம் வேண்டும், உலர்த்தியில் ஒரு முறைக்குப் பன்னிரண்டுதான் வைக்க முடிகிறது. கரையானுக்கு மட்டும் என்ன செய்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.


சாந்துக்காரர், வியாழன் பகல் 1.50

தம்பி, பலகை நன்றாக உலர்ந்த பிறகு ஆறு பக்கமும் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து இரண்டு கை அடியுங்கள். முதல் கை காய்ந்து வெளுத்த பிறகுதான் இரண்டாவது. சுண்ணாம்பின் காரத்துக்குப் பூஞ்சை எளிதில் ஏறாது, கரையானும் தயங்கும். ஆனால் தரையையோ சுவரையோ தொடாமல் கம்பியில் தொங்கினால்தான் அதுவும் பயன்படும். சுண்ணாம்பு நான் அனுப்பி வைக்கிறேன். நீற்றி மூன்று மாதம் ஊறியது ஒரு தொட்டி என்னிடம் இருக்கிறது.